கலக்கிக்குப் போட்ட தடை

உணவுப் பாதுகாப்புத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, சட்டம் சொல்லித்தர உங்களுக்குப் பயிற்சி வகுப்பு இருக்கிறது. மாதிரி எடுப்பது, சீல் வைப்பது, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது எல்லாம் கொஞ்ச நாளில் கைக்கு வந்துவிடும். நான் ஓய்வு பெற்றுத் திருநகரில் வீட்டோடு இருப்பவள். எனக்குச் சொல்லத் தெரிந்தது வேறு. ஒரு தடை உத்தரவு உங்கள் கைக்கு வந்து சேரும்போது அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எந்த வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

என் காலத்தில் நான் ஒட்டிய தடை நோட்டீஸ்களை எண்ணிப் பார்த்ததில்லை. எங்கோ ஒரு குழந்தை தின்பண்டப் பொட்டலத்தில் இருந்த பொம்மையை விழுங்கிவிட்டது என்று பொம்மைப் பொட்டலத்துக்குத் தடை. எங்கோ ஒருவர் கரும்புச்சாறு இயந்திரத்தில் விரலைக் கொடுத்துவிட்டார் என்று பள்ளிக்கூட வாசலில் கரும்புச்சாறு வண்டிக்குத் தடை. ஒரு கோடையில் குச்சி ஐஸுக்கும் தடை வந்தது. குச்சிக்குத் தடையா, ஐஸுக்குத் தடையா என்று கடைசி வரைக்கும் எங்களுக்கே விளங்கவில்லை. ஒவ்வொன்றும் நல்ல எண்ணத்தில் போட்டதுதான். அதனால்தான் தொல்லையே. கெட்ட எண்ணத்தில் போட்டிருந்தால் எதிர்த்துப் பேசவாவது எனக்கு வாய் வந்திருக்கும்.

அவற்றில் கலக்கிக்குப் போட்ட தடையை மட்டும் முழுசாகச் சொல்கிறேன். வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. கலக்கி என்பது மதுரைப் புரோட்டாக் கடைகளின் செல்லப்பிள்ளை. முட்டையை டம்ளரில் உடைத்து, ஒரு கரண்டி சால்னாவும் மிளகுத்தூளும் போட்டு அடித்துக் கல்லில் ஊற்றி, ஓரம் வெந்து நடு வேகுமுன் மடித்துத் தட்டில் போட்டுவிடுவார்கள். முழுசாக வெந்துவிட்டால் அதற்கு ஆம்லெட் என்று பெயர், மதுரைக்காரன் தட்டைத் திருப்பி அனுப்பிவிடுவான்.

வாடிப்பட்டிச் சாலையில் காதர் பாய் என்பவர் ஒரு புரோட்டாக் கடை வைத்திருந்தார். அவரும் அவர் மனைவியும் ஒரு மாஸ்டரும்தான் கடை. ஒரு சாயங்காலம் கல்லூரிப் பிள்ளைகள் கொஞ்சம் பேர் சுற்றுலா போய்த் திரும்பும் வழியில் அங்கே சாப்பிட்டார்கள். மறுநாள் அத்தனை பேருக்கும் வாந்தி, வயிற்றுப்போக்கு. ஒரு பெண்ணை மட்டும் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவன் மாஸ்டர் கலக்கி போடும் அழகைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தான். அந்தப் படம் செய்திச் சேனல்களுக்குக் கிடைத்தது. கல்லின் மேல் மஞ்சளாகத் தளதளக்கும் முட்டையைச் சிவப்பு வட்டம் போட்டு நாள் முழுக்கக் காட்டினார்கள். அன்று பொழுது சாயுமுன் மாவட்டம் முழுவதற்கும் உத்தரவு வந்துவிட்டது. முழுமையாக வேகாத முட்டைப் பண்டங்கள் தயாரிக்கவும் விற்கவும் ஓராண்டுக்குத் தடை. அன்று மத்தியானம்தான் நான் பாய் கடையில் முட்டை, சால்னா, தண்ணீர் எல்லாவற்றிலும் மாதிரி எடுத்து அனுப்பியிருந்தேன். அவை ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கக்கூட மாட்டா. அதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது.

உத்தரவு வந்தால் அமல்படுத்த வேண்டும். மறுநாள் நகரத்துக்குள் கடை கடையாக இறங்கினோம். முதல் கடையிலேயே வம்பு. ஆஃப்பாயில் போடலாமா என்று கடைக்காரர் கேட்டார். கூடாது என்றேன். என் ஜீப் டிரைவர் முருகேசன் நல்ல மனிதர், ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்.

"மேடம், ஆஃப்பாயில்ல ஒரு பக்கம் நல்லா வெந்துருக்குல்ல. அப்ப அது பாதிக் குத்தமா?"

கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஒருவர் தட்டில் இருந்ததை மறைத்துக்கொண்டு, "இது ஆம்லெட்டு மேடம், மாஸ்டருக்குக் கை சரியில்ல, வேகலை" என்றார். மாஸ்டருக்கு வந்ததே கோபம். "யோவ், எனக்கா கை சரியில்ல? கலக்கின்னு கேட்டு வாங்கிட்டு இப்பப் பேச்ச மாத்துறியா?" என்று கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். இருவரையும் விலக்கிவிடுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. படித்து, பரீட்சை எழுதி, அரசாங்க முத்திரையோடு வேலைக்கு வந்து, ஒரு முட்டை எவ்வளவு வெந்திருக்கிறது என்று நடுத்தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கே என் மேல் எரிச்சலாக இருந்தது.

அங்கிருந்து நேராகக் காதர் பாய் கடைக்குப் போனேன். சீல் வைக்க வேண்டும்.  அவராகவே கல்லைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே நின்றார். நான் நோட்டீஸை ஒட்டி முடிக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு நின்ற பாய், பிறகு மெதுவாகக் கேட்டார்.

"மேடம், அந்தப் புள்ள எப்பிடி இருக்கு?"

"இன்னும் கண்ணு முழிச்சுச் சரியாப் பேசலையாம்."

"அந்தப் புள்ளதான் மேடம் எனக்குப் புரிய மாட்டேங்குது. சைவம்னு சொல்லுச்சு. முட்டை பக்கத்துல வந்தாலே மூக்கைப் பொத்துச்சு. எங்க வீட்டம்மாதான் தனியா குருமா வச்சுக் குடுத்தா. அல்லா சத்தியமாச் சொல்றேன், அது முட்டையத் தொடல."

என் கையில் பசைக் குச்சி இருந்தது. அதை அப்படியே கீழே வைத்தேன். அவ்வளவு பேரில் மிக மோசமாகப் படுத்திருக்கும் பெண் முட்டையே தின்னவில்லை என்றால், நாங்கள் மாவட்டம் முழுக்கத் துரத்திக்கொண்டிருப்பது எதை? பாய் தப்பிக்கப் பொய் சொல்கிறார் என்றும் ஒரு கணம் நினைத்தேன். நம் வேலையில் எல்லாருமே அப்படித்தான் சத்தியம் செய்வார்கள். அதனால் நம்பவும் இல்லை, தள்ளவும் இல்லை. ஜீப்பை ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னேன்.

அந்தப் பெண் அப்போதுதான் கண் விழித்திருந்தாள். உதடெல்லாம் வறண்டு கிடந்தது. அவள் அம்மா அருகில் இருந்தார். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு இரண்டே கேள்விகள் கேட்டேன்.

"முட்டை சாப்பிட்டியாம்மா?"

"எங்க வீட்டுல யாருமே சாப்பிட மாட்டோம் மேடம்."

"தண்ணி?"

"அங்கதான் குடிச்சேன். குருமா காரமா இருந்துச்சு. எல்லாரையும் விட நான்தான் ஜாஸ்தி குடிச்சேன்."

அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த முட்டைக் கடைக்காரனை விட்றாதீங்க மேடம்" என்றார்.  தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

பாய் கடைக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. அந்தப் பக்கம் புதிதாக வந்த குடியிருப்புகளுக்கும் கிடையாது. தனியார் லாரி ஒன்றுதான் எல்லாருக்கும் ஊற்றிக்கொண்டிருந்தது. வீடுகளில் அதைக் காய்ச்சிக் குடித்தார்கள், கடையில் அப்படியே கொடுத்தார்கள். லாரிக்காரரைப் பிடித்து, தண்ணீர் எடுக்கும் கிணற்றைக் காட்டச் சொன்னேன். காட்டினார், ஒளிக்கவில்லை. திறந்த கிணறு. பக்கத்தில் ஒரு கழிவுநீர்த் தொட்டி உடைந்து, போன வாரம் பெய்த மழையில் கரை அரித்து, கிணற்றுச் சுவரோரம் கசிவு இறங்கியிருந்தது. மூக்கு உள்ளவர் யாருக்கும் அங்கே ஆய்வுக்கூடம் தேவையில்லை. லாரிக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மழைக்குப் பிறகு மோட்டாரைப் போட்டுவிட்டு வண்டியிலேயே இருந்தாராம், கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை.

"கடைசியா எங்க ஊத்துனீங்க?" என்றேன்.

"கல்யாண மண்டபத்துக்கு மேடம். இப்பத்தான் ஊத்திட்டு வாரேன். நாளைக்குக் காலையில முகூர்த்தம்."

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். மேலிடத்துக்குப் போன் செய்தேன். "முட்டைதான் காரணம்னு பேட்டி குடுத்தாச்சு மேடம். ரிசல்ட் வரட்டும். அதுக்குள்ள நீங்க புதுசா எதையும் கிளப்பாதீங்க" என்று பதில் வந்தது. மண்டபத்தைப் பூட்ட என்னிடம் உத்தரவு இல்லை. நானே அவசரத் தடை எழுதிப் பூட்டியிருந்தால் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் தெருவில் நின்றிருப்பார்கள். காலையில் அவர்கள் ஊற்றிச் சமைப்பது அதே லாரித் தண்ணீராகத்தான் இருந்திருக்கும், வேறு இடத்தில். சும்மா வந்திருந்தாலோ, ஒரு ஊரே படுத்திருக்கும்.

மண்டபத்தில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜீப்பைப் பார்த்ததும் பெண்ணின் அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. செய்தி பார்த்திருப்பார் போல.

"மேடம், நாங்க முட்டையே போடல. சைவச் சாப்பாடுதான். கல்யாணத்த நிப்பாட்டிறாதீங்க மேடம், ஒத்தப் பொண்ணு."

"அண்ணே, நான் எதையும் நிறுத்த வரல. கல்யாணம் ஜாம்ஜாம்னு நடக்கட்டும். இந்தத் தொட்டித் தண்ணிய மட்டும் யாரும் வாயில வைக்கக் கூடாது. மாடு குடிக்கக் கூடாது, பாத்திரம் கழுவக் கூடாது."

சமையல் மாஸ்டரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, ஒளிக்காமல் உள்ளதைச் சொன்னேன். ஒரு பெண் ஆஸ்பத்திரியில் கிடப்பதைச் சொன்னேன். மாஸ்டர் அரிசி கழுவ வைத்திருந்த அண்டாவை எட்டி உதைத்துக் கவிழ்த்தார். யாரும் என்னிடம் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டிலிருந்தே இரண்டு டிராக்டர் கிளம்பி, தெரிந்த தோட்டத்திலிருந்து நல்ல தண்ணீர் கொண்டு வந்தது. குடிக்கக் கேன் வந்தது. தொட்டியைத் திறந்துவிட்டு, கழுவி, மருந்து போடும் வரை நான் அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அந்தச் செய்தி எந்தச் சேனலிலும் வரவில்லை, வரவும் வராது. ஒன்றும் நடக்காமல் போனதை யார் படம் எடுப்பார்கள்?

ஆய்வு முடிவு வந்தது. முட்டையில் ஒன்றும் இல்லை. தண்ணீரில் எல்லாம் இருந்தது. சரி, இனி கலக்கியை விட்டுவிடுவார்கள் என்று முடிவைத் தூக்கிக்கொண்டு மாவட்ட அலுவலரிடம் போனேன். என்னைவிட வயதில் மிகவும் சின்னவர், கெட்டவர் இல்லை, தூக்கம் கெட்டுக் கண் சிவந்திருந்தது. முடிவைப் படித்தார். தலையாட்டினார். பிறகு மேஜை மேலிருந்த ஒரு வரைவை என் பக்கம் தள்ளினார்.

தாலுகா முழுவதும் தனியார் தண்ணீர் லாரிகளுக்குத் தடை!

 நான் கண்டுபிடித்துக் கொடுத்த உண்மையே அடுத்த தடையாக முளைத்து நின்றது. கோபத்தில் குரல் உயர்ந்துவிடும் போலிருந்தது, தண்ணீர் வாங்கிக் குடித்தேன். அந்தத் தண்ணீரும் லாரித் தண்ணீர்தானா என்று ஒரு கேள்வி மனதில் வந்தது, கேட்கவில்லை.

"சார், கெட்டது ஒரு கிணறு. அந்தப் பக்கம் அத்தனை நகருக்கும் லாரியை விட்டா வேற தண்ணி கிடையாது."

"தெரியும் மேடம். கிணத்த மூடுறேன், சரி. கிணத்த மூடுனது யாருக்குத் தெரியும்? நாளைக்கு இன்னொருத்தர் விழுந்தா, நீ என்ன பண்ணினேன்னு என்னைத்தான் கேப்பாங்க. தடை போட்டேன்னு சொன்னா ஒரு பதில் இருக்கு."

அவர் சொன்னதில் இருந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. நம் ஆட்சியில் பாதித் தடைகள் இப்படித்தான் பிறக்கின்றன. நோயைத் தடுக்க இல்லை, கேள்வியைத் தடுக்க. அவர் நாற்காலியில் நான் இருந்தாலும் எனக்கும் அந்தப் பயம் வந்திருக்கும்.

"சார், குடிக்கத் தர்ற தண்ணி சுத்தமா இருக்கணும்னு நம்ம சட்டத்துல ஏற்கெனவே இருக்கு. காதர் பாய் கடைக்கு நானே எத்தனையோ தடவை போயிருக்கேன். கொதிக்க வச்ச தண்ணி குடுங்கன்னு சொல்லியும் இருக்கேன். அவர் ரெண்டு நாள் வைப்பாரு, அப்புறம் விட்டுருவாரு. நாமளும் அடுத்த தடைக்கு நோட்டீஸ் ஒட்டப் போயிருவோம், திரும்பி வந்து பாக்க நேரம் இருக்காது. இருக்கிற சட்டத்த ஒழுங்காப் பாக்குறதுக்கு ஆள் குடுங்க, போதும். இல்ல, தடைதான்னா போடுங்க. ஆனா நாளைக்குக் காலையில நீங்களும் என்கூட ஜீப்புல வாங்க. குடத்தோட நிக்கிற பொம்பளைங்ககிட்ட நாம ரெண்டு பேரும் சேர்ந்தே சொல்லுவோம்."

 மின்விசிறியைப் பார்த்தார், வரைவைப் பார்த்தார். பிறகு அதை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். கையெழுத்துப் போடவில்லை. அந்த ஒரு கிணறு மூடப்பட்டது. மற்ற லாரிகளின் கிணறுகளை எல்லாம் நேரில் பார்க்கச் சொல்லி எங்களை அனுப்பினார். லாரிகள் ஓடின. அந்த மனிதர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

"அப்ப கலக்கி சார்?" என்றேன் எழுந்திருக்கும்போது.

"அது மேலிருந்து வந்தது மேடம். தப்புன்னு ஒத்துக்கிட்டு யாரு வாபஸ் வாங்குவா? ஓராண்டுதானே, தானா முடிஞ்சிரும்."

அந்தப் பெண் பிழைத்து வீட்டுக்குப் போனாள். பாய் கடையின் சீலைப் பிரித்தோம். தண்ணீர் விஷயத்துக்கு அவரை நான் நன்றாகத் திட்டினேன், அவரும் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். இப்போது அங்கே கேன் தண்ணீர்தான். ஆனால் தொலைக்காட்சியில் முகம் காட்டிய கடைக்குக் கூட்டம் திரும்பச் சுலபமில்லை. மாஸ்டர் வேறு கடைக்குப் போய்விட்டார். கல்லில் பாயே நின்றார்.

தடையைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள், அதன் ஆயுளைப் பற்றிப் படித்திருக்க மாட்டீர்கள். மற்ற கடைகளில் சில வாரங்களிலேயே கலக்கி வந்துவிட்டது. முதலில் புரோட்டாவுக்கு அடியில் ஒளித்து வைத்துக் கொடுத்தார்கள். அப்புறம் நம் ஆட்களில் சிலரே அதைக் கண்டும் காணாமல் இருக்கக் கற்றுக்கொண்டார்கள், சும்மா கற்றுக்கொள்ளவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அப்புறம் ஒளிப்பதும் நின்றது. உத்தரவும் ஒரு நாள் தன் கெடு முடிந்து செத்துப்போனது. வந்தபோது ஜீப்பில் மைக் கட்டி அறிவித்தோம். போனபோது யாரும் வாய் திறக்கவில்லை.

போன மாதம் வாடிப்பட்டியில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பாய் கடையில் இறங்கினேன். என்னைப் பார்த்ததும் பழைய பழக்கத்தில் பதறி எழுந்துவிட்டார். நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்ன பிறகுதான் முகம் தெளிந்தது. உட்கார்ந்து, "பாய், ரெண்டு புரோட்டா, ஒரு கலக்கி" என்றேன்.

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்து மெதுவாகச் சொன்னார். "மேடம், அது தடையில இருக்குல்ல?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அது முடிஞ்சு எம்புட்டு நாளாச்சு பாய்! எதிர்க்கடையில போட்டுக்கிட்டுத்தானே இருக்காங்க?"

"அவங்க தடை இருக்கும்போதே போட்டாங்க மேடம். கலக்கி கேட்டு வர்றவங்க எல்லாம் அங்கதான் போறாங்க. நமக்கு வேணாம். ஒரு தடவை பட்டது போதும்."

"நான் சொல்றேன்ல, தைரியமாப் போடுங்க."

பாய் சிரித்தார். கூச்சப்பட்டுக்கொண்டுதான் சொன்னார். "நீங்க ரிட்டயர்டு ஆயிட்டீங்களே மேடம். தப்பா நினைக்காதீங்க. ஆபீஸ்லருந்து யாராச்சும் வந்து ஒரு வார்த்த சொல்லட்டும், போடுறேன்."

உத்தரவை மதித்த ஒரே கடை அதுதான். அதனால் நஷ்டப்பட்ட ஒரே கடையும் அதுதான். வெறும் புரோட்டாவைத் தின்றுவிட்டு வந்தேன்.

உங்களில் யாருக்கு அந்தப் பக்கம் ஆய்வு விழுந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் இந்த வாரமே போங்கள். ஜீப் நின்றதும் பாய் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நிற்பார். முதலில் அவரை உட்காரச் சொல்லுங்கள். அப்புறம் விஷயத்தைச் சொல்லுங்கள்.